வேரில் மரபணு ஒடுக்கம் சரியாக வராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு மரபணுவின் வேலை என்ன என்பதை அறிய, அதன் செய்தியைப் புரத உற்பத்திக்குச் சுமந்து செல்லும் தூது ஆர்என்ஏவைச் செடியின் சொந்த ஒடுக்க இயந்திரத்தைக் கொண்டே சிதைத்து, அதன் பிறகு செடியில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது இன்று பல ஆய்வகங்களில் அன்றாட முறையாகிவிட்டது. இலையில் இது பெரும்பாலும் எதிர்பார்த்தபடி நடக்கும். நடக்காவிட்டாலும் நடக்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேரில் அந்த வசதி கிடையாது. வேர் மண்ணுக்குள் இருக்கிறது, பச்சையம் இல்லாதது, ஒரே செடியிலேயே வயதிலும் தடிப்பிலும் வேறுபட்ட எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்திருப்பது. அதனால் ஒடுக்கம் நடக்காத வேரை, நடந்ததாக எண்ணிக்கொண்டு அளந்து, 'இந்த மரபணுவுக்கு இங்கே வேலையில்லை' என்று முடிவுகட்டிவிடும் ஆபத்து வேர் ஆய்வில் எப்போதும் உண்டு.

இந்த வழிமுறை இரண்டு அணுகுமுறைகளுக்கானது. ஒன்று, டொபாக்கோ ராட்டில் வைரஸ் என்னும் டிஆர்வியின் மரபுப்பொருளில் இலக்கு மரபணுவின் ஒரு துண்டைச் செருகி, டிஎன்ஏவைச் செடிக்கு மாற்றும் மண் பாக்டீரியமான அக்ரோபாக்டீரியம் வழியாகச் செடிக்குள் செலுத்தும் வைரஸ் வழி ஒடுக்கம். மற்றொன்று, அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் தூண்டும் மயிர்வேர்களில் இலக்கின் வரிசை தன்மேலேயே மடிந்து இணையும் கொண்டை ஊசி வடிவ ஆர்என்ஏவை உருவாக்கி ஒடுக்கும் முறை. எந்த அறிகுறியிலிருந்து தொடங்கினாலும் கேள்விகளின் வரிசையை மாற்ற வேண்டாம். கடத்தி, அதாவது செருகு துண்டைச் சுமக்கும் வைரஸ் அல்லது டிஎன்ஏ, அந்த வேருக்கு வந்து சேர்ந்ததா? வந்தபோது செருகு துண்டைச் சுமந்து வந்ததா? அதே வேரில் இலக்குத் தூது ஆர்என்ஏ குறைந்ததா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் மரபணுவின் வேலையைப் பற்றிப் பேச இடமிருக்கிறது.

அறிகுறி: இலை வெளுக்கிறது, வேரில் எந்த மாற்றமும் இல்லை

பெரும்பாலோர் பிடிஎஸ் என்னும் ஃபைட்டோயீன் டிசாச்சுரேஸ் மரபணுவை ஒடுக்கும் செடிகளை உடன் வளர்த்து, புதிய இலைகள் சுமார் இரண்டு வாரத்தில் வெளுத்தவுடன் முறை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வெளுப்பு, கலவை சரியாகத் தயாரிக்கப்பட்டது, வைரஸ் தண்டின் மேற்பகுதிக்குப் பரவியது என்ற இரண்டை மட்டுமே உறுதிசெய்கிறது. கரோட்டினாய்டு இல்லாமல் பச்சையம் ஒளியில் சிதைவதால் வருவதுதான் அந்த வெண்மை. பச்சையமே இல்லாத வேரில் பிடிஎஸ் ஒடுங்கினாலும் காண்பதற்கு ஒன்றும் இருக்காது. வேருக்கென ஒரு தனிச் சான்று தேவை.

நிக்கோட்டியானா பென்தமியானா என்னும் புகையிலை இனத்தில் வேலை செய்பவர்களுக்கு 16சி என்ற, பச்சை ஒளிர்புரதத்தைத் தொடர்ந்து உருவாக்கும் மரபுமாற்றச் செடிவகை பேருதவியாக இருக்கும். பச்சை ஒளிர்புரத மரபணுவின் துண்டைச் செருகிய வைரஸை அதில் செலுத்தி, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து வேரைக் கழுவி, ஒரு கண்ணாடித் தட்டில் நீரில் பரப்பி, ஒளிர்வு நுண்ணோக்கியின் நீல ஒளியில் பாருங்கள். ஒடுக்கம் நடந்த இடம் கருமையாகவும், நடக்காத இடம் பச்சையாகவும் தெரியும். முதன்மை வேரின் மேற்பகுதி கருத்திருக்க, அதிலிருந்து கிளைத்த இளம் பக்கவேர் ஒன்று நுனிவரை பளிச்சென்று பச்சையாக இருப்பதையும், அதற்கு அடுத்த பக்கவேரில் மையத்தண்டு மட்டும் இருண்டு புறணி ஒளிர்வதையும் ஒரே தட்டில் காண நேரிடும். இந்தக் காட்சியை ஒருமுறை கண்டவர் வேர்த்தொகுதி முழுவதையும் ஒன்றாக அரைத்துச் சராசரி எடுக்கத் தயங்குவார். இலக்கு மரபணுத் துண்டையும் பச்சை ஒளிர்புரதத் துண்டையும் அடுத்தடுத்து ஒரே வைரஸில் செருகினால், கருத்த பகுதிகளை மட்டும் தேர்ந்து அறுத்தெடுக்கலாம். ஒன்று ஒடுங்கிய இடத்தில் மற்றதும் ஒடுங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்றாலும், அது வழிகாட்டிதான். இலக்கின் அளவைத் தனியே அளந்தே ஆக வேண்டும்.

வேருக்குப் பரவல் குறைவதற்கு வைரஸின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. டிஆர்வி இயற்கையில் ட்ரைக்கோடோரஸ் வகை நூற்புழுக்களால் வேர்களுக்கிடையே கடத்தப்படும் வைரஸ். வேரைத் தொற்றும் திறன் அதன் இயல்பு. அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏ1, ஆர்என்ஏ2 என்ற இரு பகுதிகளாக இருக்கிறது; அவற்றின் டிஎன்ஏ படிகளைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏக்களே (பிளாஸ்மிட்கள்) டிஆர்வி1, டிஆர்வி2. ஆனால் பரவலாகப் பயன்படும் டிஆர்வி2 பிளாஸ்மிட்டில், செருகு துண்டுக்கு இடம் ஒதுக்குவதற்காக 2பி மரபணு நீக்கப்பட்டிருக்கிறது. நூற்புழு வழிப் பரவலுக்குத் தேவையான இந்த மரபணு வேருக்குள் வைரஸ் நன்கு ஊடுருவவும் உதவுகிறது என்பது 2004இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. 2பி தக்கவைக்கப்பட்ட கடத்தி அராபிடாப்சிஸ், தக்காளி, நிக்கோட்டியானா ஆகியவற்றின் வேர்களில் வலுவான ஒடுக்கம் தந்தது. 2பி இல்லாத கடத்தியும் வேரை எட்டும், ஆனால் சீரற்று எட்டும். வேரே உங்கள் ஆய்வின் மையம் என்றால், கிடைக்குமிடத்தில் 2பி உள்ள கடத்திக்கு மாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

செலுத்தும் விதத்தையும் பாருங்கள். வித்திலைகளில் சிரிஞ்சால் ஏற்றுவது மேல்நோக்கிய பரவலுக்கு நல்லது. அதனுடன், கழுத்துப்பகுதியைச் சுற்றி மண்ணை லேசாக விலக்கி, சில மில்லிலிட்டர் பாக்டீரியக் கலவையை ஊற்றும் வேர் நனைப்பு முறையையும் சேர்த்தால் பல செடிகளில் வேரின் ஒடுக்கம் சீராகிறது. ஊற்றும் நாளில் மண் ஈரமாக இருந்தால் கலவை வடிந்து போய்விடும் என்பதால் முந்தைய நாள் நீர் விடாதிருப்பது நலம்.

அறிகுறி: இலையும் வெளுக்கவில்லை

இது எளிய வகை. பிழை பெரும்பாலும் பாக்டீரியத்திலோ வெப்பநிலையிலோ இருக்கும். டிஆர்வி1, டிஆர்வி2 இரண்டும் தனித்தனிக் குடுவைகளில் வளர்ந்து, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி சமமாக்கப்பட்டு, சம அளவில் கலக்கப்பட வேண்டும். ஊடுருவல் கரைசலில் 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்இஎஸ் தாங்கல், 150 முதல் 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் இருந்து, அமிலத்தன்மை (பிஎச்) 5.6 ஆக இருக்கட்டும். கலந்த பிறகு அறை வெப்பநிலையில் சுமார் மூன்று மணி நேரம் வைத்திருங்கள். பழைய கிளிசரால் இருப்பிலிருந்து நேரடியாக வளர்க்காமல், தட்டில் புதிதாகப் பரப்பி, பிளாஸ்மிட் உள்ளே இருப்பதைக் காலனி பிசிஆரால் (குறிப்பிட்ட டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) உறுதிசெய்த பின்பே குடுவைக்கு மாற்றுங்கள்.

வெப்பநிலைதான் அதிகம் கவனிக்கப்படாத காரணம். அக்ரோபாக்டீரியம் டிஎன்ஏவைச் செடிக்கு மாற்றும் அமைப்பு 28 டிகிரிக்கு மேல் நலிவடைகிறது. வைரஸின் பரவலும் வெப்பத்தில் குறைகிறது. 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும். மிகக் குளிர்ந்த சூழலும் ஆபத்தற்றதல்ல, ஏனெனில் ஒடுக்கத்துக்கு வழிகாட்டும் குறு ஆர்என்ஏக்கள் உருவாவது குறைந்த வெப்பநிலையில் தளர்கிறது. அறையின் வெப்பமானி காட்டும் எண்ணை நம்பாமல், தொட்டிக்குள் வேர்மட்டத்தில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். விளக்குத் தட்டுகளின் மேலடுக்கில் உள்ள சிறு தொட்டிகளில் மண் காற்றைவிடக் கணிசமாகச் சூடாக இருக்கக்கூடும்.

அறிகுறி: வைரஸ் வேரில் உள்ளது, ஆனால் இலக்கின் அளவு குறையவில்லை, சில செடிகளில் கூடியும் இருக்கிறது

ஒடுக்க முயன்ற மரபணு பல மடங்கு கூடியதாகப் பிசிஆர் காட்டினால், உயிரியல் விளக்கம் தேடுவதற்கு முன் பிரைமர்களை, அதாவது பிசிஆர் பெருக்கும் பகுதியின் இரு எல்லைகளைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளைப் பாருங்கள். இரண்டு பிரைமர்களும் செருகு துண்டின் எல்லைக்குள் விழுந்திருந்தால், நீங்கள் அளப்பது செடியின் தூது ஆர்என்ஏவை அல்ல. செல்லுக்குள் பெருகிக் கிடக்கும் வைரஸ் ஆர்என்ஏவைத்தான். குறைந்தது ஒரு பிரைமராவது துண்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டுமே வெளியே இருப்பது இன்னும் நல்லது. மீள்படியெடுத்தலுக்கு (ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுப்பதற்கு) ஒழுங்கற்ற அறுபடிப் பிரைமர்களுக்குப் பதிலாக, தூது ஆர்என்ஏவின் 3' என்னும் கடைமுனையிலுள்ள பாலி ஏ வாலில் (அடினின் தொடரில்) ஒட்டும் ஒலிகோ டிடி பயன்படுத்துவதும் உதவும். டிஆர்வியின் ஆர்என்ஏவுக்குப் பாலி ஏ வால் கிடையாது என்பதால் அதன் படியெடுப்பு பெருமளவு குறைகிறது, முற்றிலும் நின்றுவிடுவதில்லை.

துண்டுக்கு வெளியே என்றால் எந்தப் பக்கம் என்பதும் முடிவை மாற்றும். குறு ஆர்என்ஏக்கள் வழிகாட்ட, ஆர்கோநாட் புரதம் தூது ஆர்என்ஏவை வெட்டுகிறது. வெட்டுண்ட பிறகு 3' பக்கத்துத் துண்டு சிறிது காலம் சிதையாமல் எஞ்சியிருக்கக்கூடும். அந்தத் துண்டில் பாலி ஏ வால் இருப்பதால் ஒலிகோ டிடி அதையும் படியெடுத்துவிடும். பிரைமர்கள் 3' முனையருகே இருந்தால், வெட்டுண்டு செயலிழந்த ஆர்என்ஏ முழு ஆர்என்ஏவாகக் கணக்கில் சேரும். ஒலிகோ டிடியால் படியெடுத்து, இலக்குப் பகுதிக்கு 5' (தொடக்கமுனை) பக்கத்தில் பிரைமர்களை வைத்தால், வெட்டுப்படாத மூலக்கூறுகள் மட்டுமே அளவில் வரும். அளவு குறையவில்லை என்று கைவிடப்படும் சோதனைகளில் ஒரு பகுதி இந்த ஒரு மாற்றத்தால் உயிர்பெறும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரைமர்கள் சரியாக இருந்தும் அளவு குறையவில்லை என்றால், வைரஸ் துண்டைத் தொலைத்துவிட்டதா என்று சோதியுங்கள். வைரஸ் தனக்குப் பயனற்ற செருகலைப் பெருக்கத்தின்போது கழித்துவிடும் போக்குடையது. துண்டு நீளமாக இருந்தால் அந்த ஆபத்து கூடும். 200 முதல் 500 காரஇணைகள் வரையிலான துண்டு நடைமுறையில் பாதுகாப்பானது, சுமார் 300 நல்ல நடுவளவு. செருகு இடத்தின் இருபுறமும் அமர்ந்த வைரஸ் பிரைமர்களால், வேரிலிருந்து எடுத்த ஆர்என்ஏவில் மீள்படியெடுத்துப் பிசிஆர் செய்து, ஜெல்லில் மூன்று தடங்களை அடுத்தடுத்து ஓட்டுங்கள்: செருகலுடைய பிளாஸ்மிட், செருகலற்ற பிளாஸ்மிட், உங்கள் வேர். வேரின் பட்டை முதல் தடத்தோடு ஒத்தால் துண்டு பத்திரமாக இருக்கிறது. இரண்டாவதோடு ஒத்தால் தொலைந்துவிட்டது. இரண்டு பட்டைகளும் தெரிந்தால் தொலைத்தல் நடந்துகொண்டிருக்கிறது, மாதிரி எடுக்கும் நாளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

வைரஸ் இருப்பதாக எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் திரும்பிப் பாருங்கள். டிஆர்வியின் ஆர்என்ஏ1, தன்னைப் படியெடுக்கவும் செல்விட்டுச் செல் நகரவும் வேண்டிய மரபணுக்களைத் தன்னிடமே வைத்திருப்பதால், ஆர்என்ஏ2 இல்லாமலேயே செடி முழுவதும் பரவ வல்லது. உங்கள் பிரைமர் ஆர்என்ஏ1ஐ மட்டும் தேடினால், செருகு துண்டைச் சுமக்கும் ஆர்என்ஏ2 இல்லாத வேரும் தொற்றுள்ள வேராகத் தெரியும். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வேர் நனைப்பு முறையில் இன்னொரு பொய்ச் சான்றும் உண்டு: வேரின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள பாக்டீரியத்தின் பிளாஸ்மிட்டில் வைரஸின் முழு டிஎன்ஏ படி இருக்கிறது. டிஎன்ஏஸ் கொண்டு நன்கு சிதைக்காத ஆர்என்ஏவில் அதுவே பிசிஆரில் பெருகி, வைரஸ் வந்துவிட்டதாகக் காட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் மீள்படியெடுக்கும் நொதி சேர்க்காத ஒரு குழாயை ஓட்டாமல் எந்த முடிவையும் ஏற்க வேண்டாம்.

அளவுகளைச் சமன்செய்யப் பயன்படும் ஒப்பீட்டு மரபணுவும் பிழை செய்யலாம். வைரஸ் தொற்று ஆக்டின் போன்ற வழக்கமான ஒப்பீட்டு மரபணுக்களின் அளவையே அசைத்துவிடக்கூடும். நிக்கோட்டியானாவில் பிபி2ஏ, தக்காளியில் டிப்41, சாண்ட் போன்றவற்றிலிருந்து குறைந்தது இரண்டைத் தேர்ந்து, தொற்றுள்ள வேரிலும் இல்லாத வேரிலும் அவை அசையாதிருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பெருக்கத் திறன் முழுமையாக இருக்கும்போது ஒரு சுழற்சி வேறுபாடு பாதியளவு, இரண்டு சுழற்சி கால் அளவு என்பதை மனத்தில் வைத்தால், ஒப்பீட்டு மரபணு ஒரே ஒரு சுழற்சி நகர்ந்தாலும் முடிவு எவ்வளவு தடம் மாறும் என்பது புரியும்.

அறிகுறி: ஒரு செடியில் குறைகிறது, பக்கத்துச் செடியில் குறையவில்லை

வைரஸ் வழி ஒடுக்கத்தின் இயல்பே இந்தத் திட்டுத்தன்மை; அதை ஒழிக்க முடியாது, கணக்கில் கொள்ளத்தான் முடியும். செலுத்தும் வயதை ஒரே நிலைக்குக் கொண்டுவருவது முதல் படி: வித்திலைகள் விரிந்து முதல் உண்மை இலை தலைகாட்டும் நிலை பொதுவாக ஏற்றது. வயது கூடிய செடியில் வைரஸ் புது இலைகளுக்கு ஓடிவிட்டு, ஏற்கெனவே முதிர்ந்த வேர்ப்பகுதிகளைத் தவிர்த்துவிடும்.

அதன் பிறகு எல்லாம் மாதிரி எடுக்கும் முறையில் இருக்கிறது. செடிகளைச் சேர்த்து அரைக்காதீர்கள். ஒவ்வொரு செடியையும் தனி அலகாக வைத்து, அதன் வேரில் ஒரு பாதியைப் பண்பை அளக்கவும் மறுபாதியை ஆர்என்ஏவுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் 'அளவு குறைந்த செடிகளில் பண்பும் மாறியது, குறையாதவற்றில் மாறவில்லை' என்று ஒரே வரைபடத்தில் காட்ட முடியும். திட்டுத்தன்மை தொல்லையாக இருந்த நிலை மாறி, அதுவே சான்றாகிவிடும். எந்தச் செடியைக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கான எல்லையை, உதாரணமாகக் கட்டுப்பாட்டுச் செடிகளின் சராசரியில் பாதிக்கும் கீழ் என்று, பண்பை அளப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

வேரைக் கழுவும் நிமிடத்திலும் வேறுபாடு நுழைகிறது. தொட்டியிலிருந்து மண்கட்டியோடு எடுத்து, பெரிய நீர்ப்பாத்திரத்தில் தளர விட்டு, இழுக்காமல் அசைத்து, மணல் கழன்றவுடன் தாளில் ஒற்றி, திரவ நைட்ரஜனுக்குள் போடுங்கள். குழாயடியில் பிடித்துத் தேய்த்தால் காயத்துக்கு எதிர்வினையாற்றும் ஜாஸ்மோனேட் சார்ந்த மரபணுக்கள் விரைவில் எழும்பிவிடும். உங்கள் இலக்கு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றால், கழுவிய நேரத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். மணலும் வெர்மிகுலைட்டும் கலந்த ஊடகம் கழுவுவதற்கு எளிது. 260 நானோமீட்டருக்கும் 230 நானோமீட்டருக்கும் உள்ள ஒளி உறிஞ்சல் விகிதம் மிகக் குறைந்திருந்தால் பாலிசாக்கரைடோ பிரித்தெடுக்கப் பயன்பட்ட உப்போ மாசாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஆர்என்ஏவை மறுபடி வீழ்படிவாக்குங்கள்.

அறிகுறி: கட்டுப்பாட்டுச் செடியின் வேரே குட்டையாக இருக்கிறது

செருகல் இல்லாத வெற்றுக் கடத்தியைக் கட்டுப்பாடாக வைத்திருந்தால் இது வியப்பல்ல. வெற்று டிஆர்வி பல செடிகளில் துண்டு சுமக்கும் டிஆர்வியைவிடக் கடுமையான நோய்க்குறிகளைத் தருகிறது. அதனோடு ஒப்பிடும்போது ஒடுக்கப்பட்ட செடி நன்றாக வளர்ந்ததுபோல் தோன்றி, 'இந்த மரபணு வளர்ச்சியைத் தடுக்கிறது' என்ற தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். செடியின் மரபுத்தொகுதியில் எங்கும் ஒத்த வரிசை இல்லாத, உங்கள் இலக்குத் துண்டின் நீளத்தையே ஒத்த, பச்சை ஒளிர்புரதத் துண்டு அல்லது ஜியுஎஸ் என்னும் பாக்டீரிய மரபணுத் துண்டு செருகிய வைரஸே சரியான கட்டுப்பாடு. வைரஸே செலுத்தாத செடிகளும் உடன் இருக்கட்டும். வைரஸின் சொந்தத் தாக்கம் எவ்வளவு என்பதை அவைதான் சொல்லும்.

நூற்புழு எதிர்ப்பை ஆராய்பவர்கள் மண்ணின் வெப்பத்தை மீண்டும் பார்க்க வேண்டும். தக்காளியின் எம்ஐ மரபணு வேர்முடிச்சு நூற்புழுக்களுக்கு எதிராகத் தரும் பாதுகாப்பு, மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடுகிறது. அந்த நிலையில் கட்டுப்பாட்டுச் செடியின் வேரிலும் முடிச்சுகள் வரும், ஒடுக்கத்தின் விளைவைப் பிரித்தறிய வழியிருக்காது.

அறிகுறி: மயிர்வேர்கள் நிறைய வருகின்றன, ஆனால் பெரும்பாலானவை ஒளிரவில்லை

பாக்டீரியத்திலிருந்து செடிக்குள் போவது இரண்டு வேறு டிஎன்ஏக்கள். ஒன்று, ரைசோஜீன்ஸின் சொந்த ஆர்ஐ பிளாஸ்மிட்டிலிருந்து வருவது. மயிர்வேரைத் தூண்டுவது அதுதான். மற்றது, நீங்கள் கட்டமைத்த கொண்டை ஊசியைச் சுமப்பது. இவை சேர்ந்தே போகும் என்று எந்த உறுதியும் இல்லை, ஆகவே மயிர்வேர் வந்தது என்பதாலேயே உங்கள் கட்டமைப்பு உள்ளே இருப்பதாகக் கொள்ள முடியாது. வெட்டுக்காயத்தில் எந்த டிஎன்ஏவும் ஏறாமல் இயல்பாகவே கிளம்பும் வேற்றிட வேர்களும் அவற்றோடு கலந்திருக்கும். இதனால்தான் டிஎஸ்ரெட் போன்ற கண்ணுக்குத் தெரியும் குறியீடு கொண்டை ஊசி உள்ள அதே டிஎன்ஏவிலேயே இருப்பது கட்டாயம். பச்சை ஒளிர்வைவிடச் சிவப்பு ஒளிர்வு வேருக்கு ஏற்றது, ஏனெனில் முதிர்ந்த வேரின் செல்சுவர்கள் நீல ஒளியில் தாமாகவே பச்சை மஞ்சளாக மினுங்கும். எப்படியானாலும், மாற்றப்படாத ஒரு வேரை அதே தட்டில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் ஒளிர்கிறது என்று எழுத வேண்டாம்.

ஒளிராத வேர்களை மூன்றாவது வாரத்திலேயே வெட்டி நீக்கிவிட்டால், எஞ்சிய வேர்கள் வலுப்பெறும். பாக்டீரிய இனமும் செடிக்குப் பொருந்த வேண்டும்: சோயாவுக்கு கே599, மெடிக்காகோவுக்கு ஏஆர்குவா1 என்பவை நெடுங்காலமாக நிலைத்த தேர்வுகள்.

அறிகுறி: மயிர்வேர் ஒளிர்கிறது, இலக்கு ஒடுங்கவில்லை

ஒவ்வொரு மயிர்வேரும் தனித்த மரபுமாற்ற நிகழ்வு. செருகல் விழுந்த இடமும் படிகளின் எண்ணிக்கையும் வேருக்கு வேர் வேறுபடும். எனவே சில வேர்களில் ஒடுக்கம் வலுவாகவும் சிலவற்றில் இல்லாமலும் இருப்பது இயல்பு. எல்லா வேர்களிலும் இல்லை என்றால் கட்டமைப்பைச் சந்தேகியுங்கள். கொண்டை ஊசியின் இரு கைகளுக்கும் இடையில் இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) இருந்தால் ஒடுக்கம் பெரிதும் வலுப்பெறுகிறது. இடையில் வெறும் இடைவெளித் துண்டு இருந்தால் அதை மாற்றுங்கள். எதிரெதிராக அமைந்த வரிசைகள் பாக்டீரியத்துக்குள் மறுசேர்க்கையால் கழன்றுவிடக்கூடும் என்பதால், ஈ.கோலையில் அல்ல, செலுத்தப் பயன்படுத்திய ரைசோஜீன்ஸிலிருந்தே பிளாஸ்மிட்டைப் பிரித்து, கட்டுப்பாட்டு நொதிகளால் வெட்டி இரு கைகளும் இருப்பதைப் பாருங்கள்.

மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியான ஊக்கியும் காரணமாகலாம். 35எஸ் ஊக்கி எல்லாத் திசுவிலும் சமமாக இயங்குவதாகப் பொதுவாக எண்ணுகிறார்கள். பயறுவகை வேர்முடிச்சுகளிலும், வேரோடு கூட்டுவாழும் மைக்கோரைசா பூஞ்சையின் ஆர்பஸ்குல் (செல்லுக்குள் நுண்கிளைகளாகப் பிரியும் அமைப்பு) தங்கிய புறணிச் செல்களிலும் அது தளர்ந்துவிடுகிறது. அந்தச் செல்களே உங்கள் ஆய்வுப்பொருள் என்றால் யுபிக்விட்டின் ஊக்கியையோ, அந்தச் செல்களுக்கே உரிய ஊக்கியையோ எடுத்துக்கொள்வது சரி.

மயிர்வேர் முறையில் வேர்க்கிளைப்பு, புவிநாட்டம், ஆக்சின் (வளர்ச்சி ஹார்மோன்) எதிர்வினை ஆகியவற்றை ஆராய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்ஐ பிளாஸ்மிட்டின் ரோல் மரபணுக்களே ஆக்சினுக்கான உணர்திறனை மாற்றி, அடர்ந்து கிளைத்து பக்கவாட்டில் படரும் வேரைத் தருகின்றன. வெற்று மயிர்வேரோடு ஒப்பிட்டாலும், அடித்தளமே மாறிய நிலையில் சிறு வேறுபாடுகள் அடிபட்டுப்போகும். இத்தகைய கேள்விகளுக்கு இந்த முறையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நேர்மையான வழி.

அறிகுறி: தூது ஆர்என்ஏ நன்றாகக் குறைந்தது, பண்பில் மாற்றமில்லை

மூன்று கேள்விகளும் சரியாக விடையளிக்கப்பட்ட பிறகு வரும் இந்த அறிகுறிதான் மிகுந்த பொறுமையைக் கோருவது. ஒடுக்கம் என்பது மரபணுவை நீக்குவதல்ல. கால் பங்கு தூது ஆர்என்ஏ எஞ்சியிருக்க, அந்தக் கால் பங்கே போதுமானதாக இருக்கக்கூடும். ஒடுக்கம் தொடங்கும் முன் உருவான புரதம் நீண்ட ஆயுளுடையதாக இருந்தால் அது வாரக்கணக்கில் வேலையைத் தொடரும். எதிர்ப்புரதம் கிடைக்குமானால் புரத அளவை நேரடியாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால், பழைய வேரை விட்டுவிட்டு, ஒடுக்கம் தொடங்கிய பிறகு தோன்றிய பக்கவேர்களை மட்டும் அளப்பது ஓரளவு ஈடுசெய்யும்.

செடியை எந்த நிலையில் வளர்த்தீர்கள் என்பது அடுத்தது. அராபிடாப்சிஸின் ஐஆர்டி1 வேரின் வழியாக இரும்பை உள்ளிழுக்கும் முதன்மைக் கடத்துப்புரதம். இரும்பு தாராளமாக இருக்கும் ஊட்டக்கரைசலில் அந்த மரபணு ஏறக்குறைய இயங்குவதே இல்லை. அங்கே ஒடுக்கினாலும் ஒடுக்காவிட்டாலும் செடி பச்சையாகவே இருக்கும், பிசிஆரிலும் குறைந்ததா என்று சொல்லும் அளவுக்கு அடிப்படை அளவே இருக்காது. இரும்பை நிறுத்திய சில நாட்களில் மரபணு விழித்தெழும்போதுதான் ஒடுக்கத்தின் விளைவு இளம் இலைகளின் மஞ்சளாக வெளிப்படும். வேரின் மரபணுக்களில் பல இப்படித்தான்: பாஸ்பரஸ், நைட்ரஜன், உப்பு, நீர்ப்பற்றாக்குறை, நுண்ணுயிரின் வருகை என ஏதோ ஒன்று கேட்கும்போதே பேசுகின்றன. ஒடுக்கச் சோதனைக்கு முன், இயல்பான செடியில் எந்த நிலையில் இலக்கு உச்சத்தில் இருக்கிறது என்ற ஒரு சிறு அளவீட்டைச் செய்துகொண்டால் மாதங்கள் மிச்சமாகும்.

என்ன அளக்கிறோம் என்பதும் பொருந்த வேண்டும். மெடிக்காகோவின் பிடி4 என்னும் பாஸ்பேட் கடத்துப்புரதத்தை ஒடுக்கினால் மைக்கோரைசாவின் ஆர்பஸ்குல்கள் முன்கூட்டியே சிதைகின்றன. பூஞ்சை தொற்றிய வேரின் சதவீதத்தை மட்டும் எண்ணுபவர் இதைத் தவறவிடக்கூடும். சாயமேற்றி, உயர் உருப்பெருக்கத்தில் ஆர்பஸ்குலின் நுண்கிளைகள் செல்லை நிறைத்துள்ளனவா, சுருங்கித் திரண்டுள்ளனவா என்று பார்ப்பவருக்கே அது தெரியும். பாஸ்பேட் மிகுந்த ஊட்டம் தந்தால் மைக்கோரைசாவே ஒழுங்காகத் தொற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, குடும்பம். அதே வேலையைச் செய்யும் நெருங்கிய இன்னொரு மரபணு, ஒன்று குறையும்போது ஈடுகட்டும். குடும்பம் முழுவதற்கும் பொதுவான பகுதியிலிருந்து துண்டெடுத்து எல்லாவற்றையும் ஒருசேர ஒடுக்கிப் பார்த்து, பண்பு மாறினால், பிறகு ஒவ்வொன்றின் தனித்த பகுதியைக் கொண்டு பிரித்தறியலாம். மரபணு நீக்க முறைகளில் எளிதில் கிட்டாத வசதி இது. ஒடுக்க முறையை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணமும் இதுவே.

அறிகுறி: பண்பு மாறியது, ஆனால் வேறொரு துண்டால் ஒடுக்கும்போது மாறவில்லை

இரண்டு துண்டுகளும் இலக்கைச் சமமாகக் குறைத்தும் ஒன்றில் மட்டும் பண்பு மாறினால், அந்தத் துண்டு வேறொரு மரபணுவையும் தாக்குகிறது என்று கொள்வதே பாதுகாப்பு. செடியில் ஒடுக்கத்தை நடத்தும் குறு ஆர்என்ஏக்கள் பெரும்பாலும் 21 முதல் 24 நியூக்ளியோடைடு நீளமுள்ளவை. எனவே துண்டின் ஒவ்வொரு 21 நியூக்ளியோடைடு சாளரத்தையும் முழு மரபுத்தொகுதியோடு ஒப்பிட்டு, இலக்குக்கு வெளியே முழுதும் பொருந்துவன இருந்தால் துண்டை நகர்த்துங்கள். தனி மரபணுவைக் குறிவைக்க, 3' முனையின் புரதமாக மாறாத பகுதி பெரும்பாலும் தனித்துவமானது. ஒன்றையொன்று தொடாத இரு துண்டுகள் ஒரே பண்பைத் தருவதை வெளியீட்டுக்கான குறைந்தபட்சமாகக் கருத வேண்டும்.

அதைவிட வலுவான சான்று மீட்பு. புரதத்தின் அமினோ அமில வரிசை மாறாமல், கோடான்களை (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூவெழுத்துகளை) மட்டும் மாற்றி எழுதிய மரபணுவைக் குறு ஆர்என்ஏக்கள் அடையாளம் காணா. அதைக் கொண்டை ஊசியோடு சேர்த்து மயிர்வேரில் செலுத்தும்போது பழைய பண்பு திரும்பினால், மாற்றத்துக்குக் காரணம் அந்த மரபணுதான் என்பதில் ஐயமிருக்காது. மாற்றி எழுதும்போது இலக்குப் பகுதியில் தொடர்ந்து பொருந்தும் நீளம் 20க்கு மேல் எங்கும் எஞ்சாதபடி பாருங்கள், செருகியபின் அந்தப் படி உண்மையில் இயங்குகிறதா என்பதை அதற்கே உரிய பிரைமர்களால் தனியே அளந்துகொள்ளுங்கள்.

அறிகுறி: முதலில் கிடைத்த விளைவு சில வாரங்களில் மறைகிறது

வைரஸ் வழி ஒடுக்கம் நிலையானதல்ல. செடி வைரஸைக் கட்டுப்படுத்த, புதிதாக வளரும் வேர்நுனிகள் ஒடுக்கமற்று வெளிவரும். துண்டைத் தொலைத்த வைரஸும் மெல்ல மேலோங்கும். வாரம் ஒருமுறை சில செடிகளைப் பலியிட்டு இலக்கின் அளவை வரைந்து, அது தாழ்ந்திருக்கும் காலச்சாளரத்தைக் கண்டறிந்து, நூற்புழுவோ பூஞ்சையோ ஊட்டக்குறையோ எதுவாயினும் அந்தச் சாளரத்தின் தொடக்கத்தில் கொடுங்கள். உங்கள் சோதனைக்கு அதைவிட நீண்ட காலம் தேவைப்பட்டால் டிஆர்வியை விட்டு மயிர்வேருக்கோ, நிலையான மரபுமாற்றச் செடிக்கோ செல்வது நல்லது. சோதனை முடிந்த தொட்டிகளின் மண்ணையும் வேரையும் கழுவிய நீரையும் ஆட்டோகிளேவில் கொல்லாமல் வெளியே விட வேண்டாம், ஏனெனில் அந்த மண்ணில் மரபுமாற்றிய பாக்டீரியம் எஞ்சியிருக்கிறது. 2பி உள்ள கடத்தியைப் பயன்படுத்தியிருந்தால், நூற்புழு சுமந்துசெல்லக்கூடிய வைரஸும் அதில் இருக்கிறது.